நியூயார்க் மாரத்தான்: கடைசி வேவில் ஓடப் போகிறவர்களுக்கு

நியூயார்க் மாரத்தான் குலுக்கலில் என் பெயர் வந்ததும் வாழ்த்துச் சொன்னவர்கள் எல்லாரும் அந்த 42 கிலோமீட்டரைப் பற்றியே பேசினார்கள். லாங் ரன் எவ்வளவு தூரம் போகணும், எந்த ஷூ, ஜெல் (ஓடும்போது சாப்பிடுகிற சர்க்கரைக் கூழ்) எப்போது சாப்பிடணும், இப்படி. ஓடத் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற ஐந்தரை மணி நேரத்தைப் பற்றியும், முடித்த பிறகு அறைக்குப் போய்ச் சேருகிற பாட்டைப் பற்றியும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. என்னைப் படுத்தி எடுத்தது அந்த இரண்டும்தான். நான் கோயம்புத்தூரில் ரேஸ் கோர்ஸைச் சுற்றி ஓடிப் பழகியவள், வயது ஐம்பதை நெருங்குகிறது, ஒரு மாரத்தானை ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் உள்ளே முடிப்பேன். மூன்றரை மணி நேரத்தில் முடிக்கிற ஆட்களுக்கு இதில் பாதி உதவாது. என்னைப் போல மெதுவாக, தனியாக, சொந்தக் காசில் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் காசு. நான் ஓடிய 2025 போட்டிக்கான குலுக்கலுக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். பெயர் வந்துவிட்டால் உங்களைக் கேட்காமலேயே கார்டிலிருந்து கட்டணம் போய்விடும், திரும்ப வராது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது 350 டாலருக்கு மேல், நம் காசில் முப்பதாயிரத்தைத் தாண்டும். அதனால் கையில் அமெரிக்க விசா இல்லாமல் குலுக்கலில் பெயர் போடாதீர்கள் என்று சொல்வேன். நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம், மாரத்தான் காத்திருக்காது. எனக்கு மகளைப் பார்க்க முன்பு ஒரு தடவை எடுத்த விசா இருந்தது, அதை நம்பித்தான் பெயர் போட்டேன். (மகள் இப்போது மேற்குக் கரையில் இருக்கிறாள், பிரசவம் நெருங்கிய நேரம், அவளால் வர முடியவில்லை.) விமான டிக்கெட், அறை, சாப்பாடு, கட்டணம் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஆயிற்று. மாரத்தான் வாரத்தில் மன்ஹாட்டனில் அறை வாடகை கேட்டால் தலை சுற்றும், அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குயின்ஸில் லாங் ஐலண்ட் சிட்டியில் எடுத்தேன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, 7ஆம் எண் ரயில் நேராக டைம்ஸ் ஸ்கொயருக்குப் போகும். ஒன்றே ஒன்று, போட்டி அந்தப் பகுதி வழியாகவே போவதால் அன்றைக்குத் தெருவெல்லாம் மூடிவிடுவார்கள். டாக்சி வாசலுக்கு வரும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

அந்த மூன்று லட்சத்துக்கு மேல் போனது பையால். ஓட்டத்துக்கு வேண்டிய எதையும் செக்-இன் பையில் போடக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஷூ, சாக்ஸ், ஜெல், பெல்ட், வெல்லம் போட்டு இடித்த அவல், இரண்டு கனமான பனியன் எல்லாவற்றையும் கைப்பையில்தான் வைத்திருந்தேன். வளைகுடாவில் விமானம் மாறும்போது வாசலில் நின்ற ஊழியர், மேலே இடம் இல்லை, பையைக் கொடுங்கள், நியூயார்க்கில் வாங்கிக்கொள்ளலாம் என்று டேக் கட்டிவிட்டார். மறுத்துப் பார்த்தேன், வரிசை பின்னால் நீண்டுகொண்டே போனது, அவர் கேட்பதாக இல்லை. நியூயார்க்கில் பைகள் வருகிற பெல்ட் சுற்றிச் சுற்றி நின்று போயிற்று, பை வரவில்லை. விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுன்டரில் பை வராததற்கான அறிக்கை எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், அந்த எண் இல்லையென்றால் பிறகு பேச்சே இல்லை. அதைவிட முக்கியம், ஓடப் போகிற ஷூவைக் காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். ஓடுகிற பனியனையும் அரைக்கால் சட்டையையும் உள்ளே போட்டுக்கொண்டு மேலே எதையாவது மாட்டிக்கொள்ளுங்கள், ஜெல்லைத் தோளில் தொங்கும் சின்னப் பையில் வையுங்கள். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நான் சாதாரணச் செருப்போடு போய் இறங்கினேன்.

பிப் நம்பரை, அதாவது பனியனில் குத்திக்கொள்கிற எண் சீட்டை, நாமே நேரில் போய், பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்க வேண்டும். மன்ஹாட்டன் மேற்கில் ஜாவிட்ஸ் மையம் என்ற பெரிய கண்காட்சிக் கூடத்தில் கொடுக்கிறார்கள், சனிக்கிழமையோடு முடிந்துவிடும், போட்டி அன்று கிடைக்காது. அங்கேயே கடைகள் இருக்கின்றன. நான் ஊரில் ஓடுகிற அதே ஷூவின் புது மாடல் இருந்தது, என் அளவு இல்லை, அரை சைஸ் பெரியது இருந்தது. எடுத்தேன். சாக்ஸ், பெல்ட், ஜெல், ஓடுகிற உடை எல்லாம் அங்கேயே வாங்கினேன். பில் 420 டாலர், நம் காசில் முப்பத்தேழாயிரம். கையில் அட்டைப் பையோடு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. அப்புறம் பசித்தது. 7ஆம் எண் ரயிலின் மறுமுனை ஃப்ளஷிங். அங்கே இருக்கிற பிள்ளையார் கோயிலின் அடித்தளத்தில் கேன்டீன் நடக்கிறது, இட்லி, தோசை, தயிர்சாதம் எல்லாம் கிடைக்கும். சனிக்கிழமை மதியம் தயிர்சாதத்தை அங்கேயே சாப்பிட்டுவிட்டு இட்லியைக் கட்டி எடுத்து வந்தேன். மாரத்தானுக்கு முந்தின நாள் எல்லாரும் பாஸ்தா தேடி அலைகிறார்கள், நம் வயிற்றுக்கு அது வேண்டாம், இட்லி கிடைக்கிற ஊரில் இட்லியே சாப்பிடுங்கள்.

இப்போது வேவ் கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் அந்த நாள் உங்களை விழுங்கிவிடும். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களை ஒரே பாலத்தில் ஒரே நேரத்தில் ஏற்ற முடியாது என்பதால் கூட்டம் கூட்டமாகப் பிரித்து விடுகிறார்கள், ஒவ்வொரு கூட்டமும் ஒரு வேவ். எங்கள் வருடம் காலை 8 மணிக்கு சக்கர நாற்காலி ஆண்கள், இரண்டு நிமிடம் கழித்துப் பெண்கள். 8.22க்குக் கையால் சுற்றி ஓட்டுகிற சைக்கிள்காரர்களும் மாற்றுத்திறனாளிகளில் சிலரும். 8.35க்கு முன்னணிப் பெண்கள், 9.05க்கு முன்னணி ஆண்கள், 9.10க்கு முதல் வேவ். அங்கிருந்து முப்பத்தைந்து நிமிடத்துக்கு ஒன்றாகப் போய் ஐந்தாவது வேவ் 11.30க்கு. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதுகிற நேரத்தை வைத்து வேவ் தருகிறார்கள். நான் ஐந்து. இதன் அர்த்தம் என்ன தெரியுமா? நான் தொடக்கக் கோட்டைப் பார்ப்பதற்கு முன்பே அன்றைய போட்டிகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஸ்விட்சர்லாந்தின் மார்செல் ஹக் ஒன்றரை மணி நேரத்தில் சக்கர நாற்காலிப் போட்டியை ஜெயித்து முடித்தபோது நான் இன்னும் பேருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கென்யாவின் ஹெலன் ஒபிரி 2 மணி 19 நிமிடம் 51 வினாடியில் ஓடி, 2003இலிருந்து இருந்த இந்த மாரத்தானின் பெண்கள் சாதனையை உடைத்தபோது கழிப்பறை வரிசையில். ஆண்கள் போட்டியில் பென்சன் கிப்ருடோவும் அலெக்சாண்டர் முட்டிசோவும் கடைசி அடி வரை ஒட்டிக்கொண்டு வந்து, வினாடியில் நூற்றில் மூன்று பங்கு வித்தியாசத்தில் கிப்ருடோ ஜெயித்தது எங்கள் வேவ் கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போது. பக்கத்தில் நின்ற ஒருத்தர் போனில் பார்த்துவிட்டுக் கத்தினார், எல்லாரும் கை தட்டினோம். நாங்களும் அதே போட்டியில்தான் இருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் வேடிக்கையாக இருந்தது.

அறையை விட்டு ஆறு மணிக்குக் கிளம்பினேன். அன்று அதிகாலைதான் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள், ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதல் என்று அங்கே எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். இந்தியாவிலிருந்து போன உடம்பு இரண்டு மணிக்கே விழித்துக்கொண்டது, கூடுதல் தூக்கம் என்பதெல்லாம் வெறும் பேச்சு. தொடக்கம் ஸ்டேட்டன் தீவில். அங்கே போக மன்ஹாட்டன் நடுவில் இருக்கிற மிட்டவுனிலிருந்து பேருந்து, அல்லது மன்ஹாட்டன் தென்முனையிலிருந்து படகு, இரண்டில் ஒன்றை முன்கூட்டியே நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். நான் படகு. ஸ்டேட்டன் தீவுப் படகு எல்லா நாளும் எல்லாருக்கும் இலவசம், இருபத்தைந்து நிமிடப் பயணம், சுதந்திர தேவி சிலை பக்கத்தில் வரும். என் சீட்டு 7.30க்கு, முனையத்தில் இருந்த கூட்டத்தில் ஏறும்போது எட்டு ஆகப் போகிறது. தண்ணீரின் தெற்கே, ஓட்டம் தொடங்குகிற வெரசானோ பாலம் மெல்லிசாகத் தெரிந்தது. இந்நேரம் அங்கே சக்கர நாற்காலிகள் கிளம்பியிருக்கும் என்று ஒருத்தர் கையைக் காட்டினார். படகு இறங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அங்கிருந்து ஓடுகிறவர்கள் காத்திருக்கிற ஃபோர்ட் வாட்ஸ்வொர்த் என்ற பழைய ராணுவ இடத்துக்கு இன்னொரு பேருந்து, அதற்கு ஒரு நீளமான வரிசை. உள்ளே போய்ச் சேரும்போது மணி பத்தை நெருங்கிவிட்டது. அதுவரை முழுக்க நின்றுகொண்டேதான். படகில் தரையில் இடம் கிடைத்தால்கூட உட்காருங்கள், வெட்கப்படாதீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நவம்பர் முதல் வாரம், விடிகாலை பத்து டிகிரியை ஒட்டி இருக்கும், அது பெரிய குளிர் இல்லை என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் சொல்வார்கள். ஓடும்போது இல்லைதான், அதுதான் ஓடுவதற்கு அருமையான வெப்பம். கடற்காற்றில் ஈரப் புல்லில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும். என் கனமான பனியன்கள் தொலைந்த பையில் இருந்ததால் பழைய துணிக் கடை ஒன்றில் தொப்பி வைத்த மேலாடையும் தொளதொளப் பேன்ட்டும் இருபத்து சொச்சம் டாலருக்கு வாங்கிப் போட்டிருந்தேன். தொடக்கத்தில் கழற்றிப் போடுகிற துணிகளைத் தானத்துக்குச் சேகரிக்கிறார்கள், அதற்கென்று பெட்டிகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு ஒரு வசதி, திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு ஹூடி கிடைக்கும், அதில் இரண்டு, ஒரு பழைய ட்ராக் பேன்ட், ஒரு ஜோடி கம்பளிக் கையுறை எடுத்துப் போய் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கூடவே பெரிய குப்பைப் பை இரண்டு, ஒன்று உட்காருவதற்கு, ஒன்று கழுத்துக்கு ஓட்டை போட்டு மேலே மாட்டிக்கொள்ள. காலுக்குப் பழைய செருப்பு அல்லது ஷூவுக்கு மேல் பாலிதீன் உறை. புல் ஈரம் சாக்ஸில் ஏறினால் அன்றைக்குக் கொப்புளம் நிச்சயம். எனக்கு ஏறியது.

சாப்பாடும் இப்படித்தான் குழம்பும். நம் ஊரில் லாங் ரன் என்றால் நாலரை மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம், வெறும் வயிறு அல்லது ஒரு வாழைப்பழம். அங்கே பதினொன்றரைக்குத் தொடங்கி நேராக மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஓடுகிறோம். காலை ஐந்தரைக்கு இட்லி சாப்பிட்டேன், பத்து மணிக்குப் பசித்துவிட்டது. உள்ளே ரொட்டி வளையம் மாதிரியான பேகல், காபி, தேநீர், தண்ணீர் எல்லாம் தருகிறார்கள். பேகலை ஒரு நாள் முன்பாவது சாப்பிட்டுப் பாருங்கள், கடித்து மெல்லவே தாடை வலிக்கும், சிலருக்கு வயிற்றில் கல் போல நிற்கும். இட்லியில் பாதியைக் காலையிலும் மீதியைத் தொடக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் சாப்பிடுகிற மாதிரிப் பிரித்துக்கொண்டிருந்தால் தேவலாம். ஊரில் இருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை ஒன்றிரண்டை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஓடிப் பழகுங்கள். வெயிலில் முழுத் தூரம் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும், வயிறு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். கழிப்பறைக்கு, வரிசை சின்னதாக இருக்கும்போதெல்லாம் போய்விடுங்கள், அவசரம் வரும்போது வரிசை பெரிதாக இருக்கும்.

ஓட்டத்தின் முதல் பாதியைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை, அது கொண்டாட்டம். பாலம் ஏறும் முதல் மைல் ஏற்றம், இரண்டாவது மைல் இறக்கம், அந்த இறக்கத்தில் காலை அவிழ்த்துவிட்டால் பிறகு தொடை கணக்குக் கேட்கும். புரூக்ளின் முழுக்க ஆட்கள், பாட்டு, குழந்தைகள் நீட்டுகிற கைகள். கடைசி வேவுக்கு என்று ஒரு தொல்லை உண்டு. நமக்கு முன்னால் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் தண்ணீர் குடித்துக் கோப்பையைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், தண்ணீர் மேடைகளைச் சுற்றி ரோடே காகிதக் கோப்பை, அதன் மேல் சர்க்கரைத் தண்ணீர் ஒட்டும், வழுக்கும். முதல் மேசையில் முண்டியடிக்காமல் கடைசி மேசை வரை நடந்து போய் வாங்குங்கள். பாதித் தூரம் புலாஸ்கி பாலத்தில் வருகிறது, அதைத் தாண்டினால் குயின்ஸ், என் அறை இருக்கிற தெருவுக்குப் பக்கத்துத் தெரு. உள்ளே போய்ப் படுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. புது ஷூ அதற்குள் இடது குதிகாலை அறுக்கத் தொடங்கியிருந்தது.

குயின்ஸ்பரோ பாலம் பதினைந்தாவது மைல். இதைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள், ஆனால் ஏற்றத்தை மட்டும் சொல்வார்கள். பார்வையாளர்களை அதில் அனுமதிப்பதில்லை, அதுவரை காதை அடைத்த சத்தம் ஒரேயடியாக நின்றுவிடும், மேல் தளம் தலைக்கு மேல் இருப்பதால் இருட்டு, காலடிச் சத்தமும் மூச்சும் மட்டும். பாதிப் பேர் நடந்தார்கள், நானும் நடந்தேன். அங்கேதான் ஒரு பெண் சக்கர நாற்காலியில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மூன்று சக்கரம் வைத்த, குனிந்து மண்டியிட்டு ஓட்டுகிற பந்தய நாற்காலி இல்லை, அன்றாடம் வீட்டில் பயன்படுத்துகிற மாதிரிதான். இரண்டு பக்கமும் மஞ்சள் பனியன் போட்ட இரண்டு வழித்துணைகள், தள்ளவில்லை, முன்னால் வருகிற கூட்டத்தை விலக்கிக்கொடுப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. ஏற்றத்தில் சக்கர நாற்காலிக்கு என்ன ஆகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. நமக்கு முடியாவிட்டால் நிற்கலாம். அங்கே கையை எடுத்தால் வண்டி பின்னால் உருளும், ஆகவே ஒரு தள்ளுக்கும் அடுத்த தள்ளுக்கும் நடுவில் ஓய்வே கிடையாது. பாலத்தின் இணைப்பு இரும்புகளில் முன்சக்கரம் மாட்டும்போது வழித்துணை ஒருத்தர் குனிந்து சொல்ல, அந்தப் பெண் சாய்ந்து தூக்கித் தாண்டினார். இறக்கத்தில் எனக்கு முன்னால் சட்டென்று போய்விட்டார், பிடிக்க முடியவில்லை.

திரும்பி வந்த பிறகு இதைப் பற்றிப் படித்தேன். அந்த வழித்துணைகளை அனுப்புகிற அக்கிலிஸ் அமைப்பை 1983இல் தொடங்கிய டிக் ட்ரம், 1976இல் செயற்கைக் காலோடு இதே மாரத்தானை ஓடி முடித்தவர். சக்கர நாற்காலிக்காரர்களைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்துவிட்டு முன்னணி ஓட்டக்காரர்களைப் போகவிட்ட காலமும் இருந்திருக்கிறது, அது வழக்கு வரை போயிற்று, அதிகாரபூர்வமான சக்கர நாற்காலிப் பிரிவு 2000இல்தான் வந்தது. நம் ஊரில் இதைப் படிக்கிற மாற்றுத்திறனாளிகளுக்குச் சொல்கிறேன், விண்ணப்பிக்கும்போதே மாற்றுத்திறனாளி என்று குறிப்பிடுங்கள். வழித்துணை, தொடக்கத்துக்குப் போகத் தனி வண்டி, முன்னதாகவே தொடங்குகிற வாய்ப்பு எல்லாம் அதன் வழியாகத்தான் வரும், கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது. நாற்காலியோடு விமானம் ஏறுகிறவர்கள் அதைக் கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என் கைப்பைக்கே இந்தக் கதி.

பாலம் இறங்கி ஃபர்ஸ்ட் அவென்யூவில் திரும்பினதும் குதிகால் சுத்தமாகப் போய்விட்டது, சாக்ஸில் ரத்தம். மருத்துவக் கூடாரத்துக்குள் போனேன். உள்ளே போனால் பிப்பைப் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு கூடாரங்களைத் தாண்டி வந்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, சுத்தம் செய்து, பஞ்சு வைத்து, ஒட்டுப் போட்டு அனுப்பினார்கள், கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் போன் அடித்தது, நான் எங்கே ஓடுகிறேன் என்று மாரத்தான் ஆப்பில் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர். ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு மேல். "ஆப்புல புள்ளி நகரவே மாட்டேங்குது, என்னாச்சு?" என்றார். கொப்புளம் என்றேன். "விட்டுட்டு வந்துரு சாமி, யாரு கேக்கப் போறாங்க." மூன்று லட்சம் கேட்கும்ங்க என்றேன், சிரித்துவிட்டு, சரி சார்ஜ் இருக்கா பாரு என்றார். இருபத்து இரண்டு சதவீதம். சின்ன பவர் பேங்க் ஒன்று பெல்ட்டில் இருக்கட்டும். அதிகாலையிலிருந்து ராத்திரி வரை ஒரு சார்ஜ் தாங்காது, குளிரில் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இருபதாவது மைல் பிராங்க்ஸ். அங்கே போவதற்கும் சூரியன் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டதால் ஐந்து மணிக்கு முன்பே அஸ்தமனம், இதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வியர்வையில் நனைந்த மெல்லிய பனியனோடு இருட்டில் நடையும் ஓட்டமுமாகப் போகும்போது காலையில் கழற்றிப் போட்ட மேலாடையை நினைத்துக்கொண்டேன். பதினோரு மணிக்கு மேல் தொடங்குகிறவர்கள் இடுப்பில் மடித்துக் கட்டிக்கொள்கிற மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மன்ஹாட்டனுக்குத் திரும்பியதும் ஃபிஃப்த் அவென்யூவில் பூங்கா ஓரமாக ஒரு மைலுக்கு மேல் லேசான ஏற்றம், வரைபடத்தில் ஒன்றுமே தெரியாது, இருபத்து மூன்றாவது மைலில் அது மலை. சென்ட்ரல் பார்க்குக்குள் போய், தெற்குப் பக்கம் வெளியே வந்து, கொலம்பஸ் சர்க்கிளில் மறுபடி உள்ளே நுழைய வேண்டும். 1994இல் முன்னால் ஓடிக்கொண்டிருந்த மெக்சிகோவின் ஜெர்மன் சில்வா அந்தத் தெருவில் வழி தவறிப் பூங்காவுக்குள் திரும்பி, சுதாரித்து ஓடிவந்து, இரண்டு வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். எனக்கு அந்தக் கவலை இல்லை, வழி முழுக்க ஆட்கள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். 6 மணி 24 நிமிடத்தில் முடித்தேன். மெடலைக் கழுத்தில் போட்டவர் நல்லா ஓடினீர்கள் என்றார், நல்லா ஓடவில்லை, ஆனாலும் நன்றாக இருந்தது கேட்க.

அப்புறம் தொடங்கியது அடுத்த பகுதி. 1970இல் முதல் போட்டியில் ஓடத் தொடங்கியவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். எங்கள் வருடம் முடித்தவர்கள் 59,226 பேர். அத்தனை பேரையும் ஒரே வாசலில் விட முடியாது என்பதால் கோட்டைத் தாண்டினதும் உட்கார விடுவதில்லை, நடந்துகொண்டே இருக்கச் சொல்கிறார்கள், பூங்காவை விட்டு வெளியே வரவே எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. குளிருக்கு உள்ளே துணி வைத்துத் தைத்த, தலைமூடி உள்ள ஒரு அங்கி தருகிறார்கள், அது இல்லாவிட்டால் விழுந்திருப்பேன். தருகிற பையில் உப்பு பிஸ்கட்டும் ஆப்பிளும் இருக்கும், பசி இல்லாவிட்டாலும் நடக்கும்போதே உப்பைச் சாப்பிடுங்கள். போன் சிக்னல் திணறும், பக்கத்துத் தெருக்களுக்கு டாக்சி வராது. துணைக்கு யாராவது வருவதாக இருந்தால் பூங்காவுக்கு வெளியே நாலைந்து தெரு தள்ளி ஒரு கடை வாசலைக் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், போன் செய்து கண்டுபிடிக்கலாம் என்றிருக்காதீர்கள். எனக்கு யாரும் இல்லை. 66ஆம் தெருவில் 1ஆம் எண் ரயில், டைம்ஸ் ஸ்கொயர் மாறி 7. மேலே சொன்ன எந்தப் பாலத்தையும்விடச் சுரங்க ரயில் படிக்கட்டில் இறங்குவது கஷ்டம், கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினேன், பக்கத்தில் இன்னொருத்தரும் அதே மாதிரி. பத்து டாலர் பணமும் ரயிலுக்குத் தட்டுகிற கார்டும் பெல்ட்டில் இருக்கட்டும், போனை நம்பி வராதீர்கள். அறைக்கு வந்தபோது மணி எட்டரையைத் தாண்டியிருந்தது. காலை ஆறுக்குக் கிளம்பியவள்.

மறுநாளே விமானம் போடாதீர்கள், ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், கால் வீங்கும். என் பை திங்கட்கிழமை மதியம் ஹோட்டல் வரவேற்பில் வந்து சேர்ந்தது, அவல் கட்டி தட்டிப் போயிருந்தது. தாமதமாக வந்த பைக்கு, பை கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும், அதைத் தாண்டினால் உரிமை போய்விடும். அறிக்கை எண், பையின் டேக், வாங்கிய பொருள்களின் ரசீதுகள், மாரத்தான் பதிவுச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணைத்தேன். 420 டாலர் கேட்டதற்கு, ஷூ உங்களிடமே இருக்கிறதே, தொடர்ந்து பயன்படுத்தலாமே என்று சொல்லிப் பாதித் தொகைக்கு ஒப்புக்கொண்டார்கள். மறுபடி எழுதினேன், அரை சைஸ் பெரிய ஷூவை வைத்து என்ன செய்வது என்று கேட்டு, குதிகால் போட்டோவையும் சேர்த்து. பாதிப் பணம் வந்துவிட்டது, மீதிக்கு இன்னும் மெயில் போய்க்கொண்டிருக்கிறது.